கல்யாணமான பிறகும் "இது பாவம்" என்று மனசு சொல்கிறது, உடம்பும் இறுகிவிடுகிறது. என்ன செய்வது?

வெளிச்சம்தேடி எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். சபையில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவள். வாலிபர் கூட்டங்களில் உடம்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் எச்சரிக்கைகள்தான். காத்துக்கொள், விலகி ஓடு, யாருக்கும் இடறலாக இராதே. நான் அதையெல்லாம் உண்மையாகவே கைக்கொண்டேன். மனதில் லேசாக ஒரு ஆசை எழுந்தால்கூட உடனே முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்பேன்.

இப்போது கணவர் பக்கத்தில் வந்து படுத்தாலே என் தோள்கள் இறுகிவிடுகின்றன. உறவுக்கு முயலும்போது கீழே எல்லாம் தானாக மூடிக்கொள்கிறது. தாங்க முடியாத எரிச்சல், வலி. இன்றுவரை முழுமையாக உறவு நடக்கவே இல்லை. அவர் நல்லவர், கோபப்படுவதில்லை. ஆனால் கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துவிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. சில நேரம் அவர் சும்மா அணைத்துக்கொள்ளும்போது எனக்கும் ஆசை வருகிறது. அது வந்த அடுத்த நொடியே குற்ற உணர்வும் வந்துவிடுகிறது. குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன்.

சபையில் மூத்த சகோதரி ஒருவரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். "மனைவிக்குத் தன் சரீரத்தின்மேல் அதிகாரம் கிடையாது என்று வேதமே சொல்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இடங்கொடு, ஒரு குழந்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அதற்குப் பிறகு என் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

ஆசைப்படுவது பாவமா? இந்த வலி என் கீழ்ப்படியாமையா? கவுன்சிலிங் போவது விசுவாசக் குறைவா? கணவரிடம் இதை எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

துணைக்கரம் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு, நீங்கள் இதை எழுதியதே பெரிய விஷயம். நான் நர்ஸாக வேலை பார்த்தவள். பிறகு ஆலோசனைப் பயிற்சி எடுத்து, பல வருடங்களாகத் தம்பதிகளோடு உட்கார்ந்து பேசுகிற ஊழியத்தில் இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், நிறையப் பெண்கள் என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். நீங்கள் எழுதியிருப்பது வஜைனிஸ்மஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையைப் போலத் தெரிகிறது. இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள் நம்மைக் கேட்காமலே இறுகிக்கொள்ளும். கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் இமை மூடுகிறதல்லவா, அந்த மாதிரி. இமையைப் பார்த்து "கீழ்ப்படியாத இமை" என்று யாராவது சொல்வார்களா? 19ஆம் நூற்றாண்டிலேயே பெயரிட்டு எழுதப்பட்ட நிலை இது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இந்த இறுக்கத்தையும் உறவின்போது வரும் வலியையும் ஒரே நிலையாகச் சேர்த்துவிட்டது. வலி வரப்போகிறது என்ற பயத்தையும் அந்த நிலையின் ஒரு பகுதியாகவே அது எண்ணுகிறது. பயந்தால் தசை இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் அடுத்த முறை பயம் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு இடங்கொடுக்கச் சொல்வது இந்த வட்டத்தை இன்னும் வேகமாகச் சுற்றவிடுவதுதான். உங்கள் பயம் அதிகமானதற்குக் காரணம் அதுவே.

ஆனால் இணையத்தில் எழுதியதை வைத்து நானோ வேறு யாருமோ உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று, வறட்சி, தோல் பிரச்சினை, கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்று வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். தசை இறுக்கம்தான் என்றால் நல்ல சிகிச்சை இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஃபிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். மூச்சோடு சேர்த்துத் தசையைத் தளர்த்தப் பழக்குவார்கள். டைலேட்டர் என்று, உள்ளே வைத்துப் பழகுவதற்கான வழவழப்பான குழல் போன்ற கருவி, சிறியதிலிருந்து பெரியதுவரை படிப்படியான அளவுகளில் வரும். அதை நீங்களே, உங்கள் கையால், உங்கள் வேகத்தில் பயன்படுத்துவீர்கள். கூடவே ஆலோசனையும் நடக்கும். குணமாகிறவர்கள் நிறைய. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதுவரை உறவுக்கு முயலவே வேண்டாம். ஒவ்வொரு வலிமிகுந்த முயற்சியும் பயத்துக்குத்தான் பயிற்சி கொடுக்கிறது.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைப் பாதியில் வெட்டி மனைவிகளின் தலையில் வைப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். மூன்றாம் வசனம் யாரிடமிருந்து தொடங்குகிறது? "புருஷன் தன் மனைவிக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்யக்கடவன்" என்று புருஷனிடமிருந்து. நான்காம் வசனத்தின் முதல் பாதியைத்தான் அந்தச் சகோதரி சொன்னார். இரண்டாம் பாதி, "அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி." குடும்பத்தில் அதிகாரம் ஆணுக்கே என்று நினைத்த ரோம உலகத்தில் பவுல் இதை எழுதினார். கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். ஐந்தாம் வசனம் பிரிந்திருப்பதற்கே இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. பிரிந்திருக்கவே சம்மதம் வேண்டுமென்றால் சேருவதற்கு வேண்டாமா?

உபாகமம் 24:5ஐயும் வாசியுங்கள். புதிதாகக் கல்யாணமானவனை ஒரு வருடம் யுத்தத்துக்கு அனுப்பாதே, வேறு வேலையும் சுமத்தாதே என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது. எதற்காக? தான் விவாகம்பண்ணின ஸ்திரீயைச் சந்தோஷப்படுத்துவதற்காக. அவள் அவனைச் சந்தோஷப்படுத்த என்று எழுதவில்லை. முதல் வருடத்தில் பெண்ணின் மகிழ்ச்சிக்கென்று சட்டமே நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறது, சகோதரி. நீங்கள் இன்னும் அந்த முதல் வருடத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஆசை பாவமா என்று கேட்டீர்கள். ஆதியாகமம் 2ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் பாவம் இன்னும் உலகத்துக்குள் வரவில்லை. அங்கே இரண்டு பேர் "நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்." உன்னதப்பாட்டைத் திறந்தால் முதலில் வாய் திறந்து முத்தம் கேட்பவளே பெண்தான். அவனுடைய கூந்தலையும் கைகளையும் கால்களையும் ஒவ்வொன்றாகப் புகழ்ந்துவிட்டு, "இவரே என் நேசர்... இவரே என் சிநேகிதர்" என்கிறாள். ஆசையும் சிநேகமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருகின்றன. மத்தேயு 5:28இல் இயேசு கண்டிக்கிற இச்சை வேறு. ஒரு பெண்ணை ஆளாகப் பார்க்காமல் அனுபவிக்கிற பொருளாகப் பார்க்கும் பார்வை அது. உங்கள் கணவர் அணைக்கும்போது உங்களுக்குள் எழுவது அதுவா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் உங்களிடம் தொடங்கவில்லை. உடம்பு கெட்டது, ஆத்துமா மட்டும் நல்லது என்று போதித்த ஞானவாதிகள் ஆதிச் சபையைச் சுற்றியே இருந்தார்கள். விவாகத்தைத் தடைசெய்கிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம் கடுமையாகப் பேசுகிறது. மேற்கத்திய சபையின் பெரிய போதகரான அகஸ்டின் மனந்திரும்புவதற்கு முன் சுமார் ஒன்பது வருடம் மனிக்கேயரோடு இருந்தவர். அவர்கள் உடம்பை இருளின் வேலை என்றவர்கள். பிற்பாடு அவர் அவர்களை எதிர்த்து எழுதினார், திருமணம் நல்லது என்றார். ஆனாலும் இச்சையைப் பற்றிய அவருடைய சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அந்த நிழல் மேற்கத்திய சபையின் மேல் நூற்றாண்டுகளாக விழுந்தது. அவர் வாழ்ந்த அதே 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கங்ரா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் இன்னொரு பக்கத்தையும் தெளிவாக்கினார்கள். திருமணத்தை இழிவாகப் பேசி, கணவனோடு சேரும் விசுவாசமுள்ள பெண்ணை அருவருப்பவன் சபிக்கப்பட்டவன் என்பதுதான் அவர்களுடைய முதல் விதியே. சபை இதை முன்பே தீர்த்துவிட்டது. நம்முடைய வாலிபர் கூட்டங்களுக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, புத்திக்குப் புரிந்துவிட்டது, உடம்பு ஏன் கேட்க மாட்டேன் என்கிறது? 1990களின் பிற்பகுதியில் ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சென் என்ற ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நம் மூளையில் பாலுணர்வைத் தூண்டும் அமைப்பு தனி, அடக்கும் அமைப்பு தனி. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பத்துப் பதினைந்து வருடம் ஆசை எழுந்த ஒவ்வொரு முறையும் உடனே பயத்தையும் குற்ற உணர்வையும் சேர்த்துப் பழகியிருக்கிறீர்கள். தாலி ஏறிய அன்று ராத்திரி அந்தப் பழக்கம் தானாக அணைந்துவிடாது. "இதுவரை கூடாது, இன்றிலிருந்து கூடும்" என்பது புத்திக்கு ஒரு வரி. உடம்புக்கு அது மெதுவாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். அணைப்பில் உங்களுக்கு ஆசை வருகிறது என்று எழுதினீர்களே, தூண்டும் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அடக்கும் பக்கம்தான் ஓய்வெடுக்கத் தெரியாமல் நிற்கிறது.

அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட முறை, சென்சேட் ஃபோகஸ் என்று பெயர். கிறிஸ்தவ ஆலோசகர்களும் திருமணமானவர்களுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். முதல் விதி: உறவு கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பேச்சையே ஒதுக்கி வைத்துவிடுகிறீர்கள். பிறகு ஒருவர் தொடுவார், மற்றவர் வாங்கிக்கொள்வார், அப்புறம் மாற்றிக்கொள்வீர்கள். நான் கையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அவர் உங்கள் வலது கையை எடுத்துக்கொள்ளட்டும். உள்ளங்கை, விரல்களுக்கு நடுவே, மணிக்கட்டின் உட்புறம், முழங்கை மடிப்பு. பத்து நிமிடம், அவசரமில்லாமல். "பிடிச்சிருக்கா" என்று கேட்கக் கூடாது. நீங்களும் அவருக்காக ரசிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சூடா குளிரா, அழுத்தமா லேசா, சொரசொரப்பா மென்மையா என்பதை மட்டும் கவனியுங்கள். மனம் "நான் சரியாக இருக்கிறேனா" என்று ஓடினால் திரும்பவும் தோலுக்குக் கொண்டுவாருங்கள். இது சுலபமானதும் முகம், முதுகு, பாதம். மார்பகமும் பிறப்புறுப்பும் பல கட்டங்களுக்குப் பிறகுதான். ஒவ்வொரு கட்டத்திலும் "போதும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், முகம் சுளிக்காமல்.

அந்தப் "போதும்"தான் மருந்தே. வேண்டாம் என்று சொல்ல அனுமதி இல்லாதவளுடைய "சரி" பயத்தில் வருவது. உன்னதப்பாட்டில் ஒரே எச்சரிக்கை மூன்று தடவை திரும்பத் திரும்ப வருகிறது: "அவளுக்கு மனதாகுமட்டும்" எழுப்பாதிருங்கள் என்று. ஆரோக்கியமான தாம்பத்தியம் எது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது எத்தனை முறை, எப்படி என்பதையெல்லாம் இல்லை. இந்த வீட்டில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன்.

கணவரிடம் பேசுவதைப் பற்றி. படுக்கையில், விளக்கு அணைத்த பிறகு, ஒரு முயற்சி தோற்ற கையோடு பேசவே பேசாதீர்கள். பகலில், இருவரும் உடுத்தி உட்கார்ந்திருக்கும்போது, அல்லது சேர்ந்து நடக்கும்போது பேசுங்கள். நடக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, வார்த்தை சுலபமாக வரும். முதல் வாக்கியம் அவரைப் பற்றியதாக இருக்கட்டும்: "உங்களை எனக்குப் பிடிக்கும். என் உடம்பு பயப்படுவது உங்களைப் பார்த்து இல்லை." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதற்கு நீங்கள் ஒரு அர்த்தம் வைத்திருப்பீர்கள். அவரிடம் வேறு அர்த்தம் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

---

பழையபாதை எழுதியது:

சகோதரிக்காக ஜெபிக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட அந்தரங்க விஷயங்களைப் பொதுவில் இவ்வளவு விவரமாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உலக மனோதத்துவத்தைச் சபைக்குள் கொண்டுவரும்போது ஜாக்கிரதை வேண்டும். உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவும் சபையும் என்றுதான் நம் முன்னோர் வாசித்தார்கள். கணவனும் மனைவியும் உபவாசித்து ஜெபித்தால் கர்த்தர் எந்தக் கட்டையும் அவிழ்க்க வல்லவர்.

---

துணைக்கரம் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஜெபத்துக்கு நான் எதிர்ப்பில்லை, ஜெபிக்காமல் நான் எந்தத் தம்பதியையும் பார்க்க உட்காருவதில்லை. ஆனால் பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காக ஜெபித்ததோடு நிற்கவில்லை, கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று எழுதினார். தசை இறுகிய பெண்ணுக்கு ஃபிசியோதெரபி சொல்வதும் அதே வகைதான்.

முன்னோர் உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவும் சபையுமாக வாசித்தது உண்மை. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு என்ற பிரெஞ்சுத் துறவி அதன்மேல் 86 பிரசங்கங்கள் எழுதினார், மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டுவதற்குள் ஆயுள் முடிந்துவிட்டது. எவ்வளவு ஆழமாகப் போனார் பாருங்கள். அந்த வாசிப்பை நான் மதிக்கிறேன். எபேசியர் 5ஆம் அதிகாரமும் கணவன் மனைவி ஒரே மாம்சமாவதைக் கிறிஸ்துவோடும் சபையோடும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் யோசியுங்கள் ஐயா. கணவன் மனைவி நேசம் அசுத்தமானதாக இருந்தால் பரிசுத்த ஆவியானவர் அதை எடுத்துக் கிறிஸ்துவின் நேசத்துக்கு உருவகமாக வைப்பாரா?

பொதுவில் எழுதுவதைப் பற்றி. நாம் பேசாத இடத்தில் பிள்ளைகள் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கையில் இருக்கிற ஃபோன் அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டுகிறது, மரியாதையை மட்டும் காட்டுவதில்லை. இந்தச் சகோதரி சரியான இடத்தில் கேட்கப் போய், பாதி வசனத்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அவருக்கு மீதிப் பாதியைக் கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

---

ஒருகணவன் எழுதியது:

கணவன் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்கள் கல்யாணத்தின் ஆரம்பத்திலும் இதே பிரச்சினை. வெளியே சொன்னால் என் ஆண்மையைச் சந்தேகப்படுவார்கள் என்ற பயம், வீட்டுக்குள்ளே "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்ற எண்ணம். நான் திரும்பிப் படுத்தது கோபத்தில் இல்லை. பக்கத்தில் போனால் அவள் மூச்சு மாறுவது கேட்கும். நான் தொடுவதே அவளுக்குத் தண்டனையாகிவிட்டதே என்ற வேதனையில்தான் ஒதுங்கினேன். அவளோ நான் வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குத் திருப்பம் என்றால், மருத்துவர் "கொஞ்ச காலம் உறவே வேண்டாம், இரண்டு பேரும் அதை மறந்துவிடுங்கள்" என்று சொன்னதுதான். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாக முதலில் பிடித்தது. எதிர்பார்ப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளால் என் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தது. அக்கா சொல்கிற அந்தக் கைப் பயிற்சியை நாங்களும் செய்தோம். ஆரம்பத்தில் எனக்குப் பொறுமை இருக்கவில்லை, போகப் போக அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். தங்கச்சி, மருத்துவரிடம் போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நிற்க வைக்காதீர்கள், உள்ளே உட்காரட்டும். "இது அவளுடைய கையில் இல்லை" என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்டது எனக்குப் பெரிய விடுதலை.

---

ஜெபமாலை எழுதியது:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள், ஒன்று சேர்த்துச் சொல்லத் தோன்றியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 செப்டம்பரிலிருந்து 1984 நவம்பர் வரை புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில் இந்தப் பொருளைப் பற்றித்தான் தொடர்ச்சியாகப் பேசினார். உடலின் இறையியல் என்று அதைச் சொல்வார்கள். ஒருவர் தன்னை மற்றவருக்குக் கொடையாகத் தருவதை உடல் பேசுகிறது, பயன்படுத்திக்கொள்வது அந்தக் கொடைக்கு நேர் எதிரானது என்பது அதன் மையம். கணவனே தன் மனைவியை வெறும் இன்பப் பொருளாகப் பார்த்தால் அதுவும் இயேசு கண்டித்த இச்சைதான் என்று அவர் சொன்னபோது அன்றைக்குப் பலருக்கு ஆச்சரியம். துணைக்கரம் சகோதரி சொன்ன மத்தேயு 5:28 விளக்கத்தைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது.

---

வெளிச்சம்தேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒருகணவன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

நேற்றுச் சாயங்காலம் நடக்கப் போனபோது அவரிடம் பேசினேன். அக்கா சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவர் நின்றுவிட்டார். "வீட்டில் கட்டாயப்படுத்தி உன்னை எனக்குக் கட்டிவைத்தார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். இத்தனை மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாரோ. மருத்துவரிடம் சேர்ந்து போவதாகச் சொல்லியிருக்கிறார். முயற்சியை நிறுத்தலாம் என்றதற்கும் உடனே சரி என்றார்.

அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. ஆசை வந்ததும் வருகிற அந்தக் குற்ற உணர்வை அந்த நேரத்தில் என்ன செய்வது? அது சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறதே. இன்னொன்று, எனக்கு எப்போதும் அவருக்கு இருக்கிற மாதிரி தானாக ஆசை எழுவதில்லை, பக்கத்தில் இருந்தால்தான் வருகிறது. இது குறையா?

---

துணைக்கரம் எழுதியது:

சகோதரி, அவர் நின்றுவிட்டார் என்று படித்தபோது என் கண்ணும் நிறைந்தது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்ததை இனிமேல் சேர்ந்து சுமப்பீர்கள்.

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். குறையே இல்லை. ரோஸ்மேரி பாசன் என்ற கனடா மருத்துவர் 2000இல் இதைப் பற்றி எழுதினார். நிறையப் பெண்களுக்கு ஆசை முதலில் வந்து நெருக்கம் பின்னால் வருவதில்லை. நெருக்கமும் பாதுகாப்பும் முதலில் வரும், உடம்பு மெல்லப் பதில் சொல்லும், ஆசை அதற்குப் பிறகு எழும். ஆண்களிலும் இப்படி இருப்பவர்கள் உண்டு. அதனால் "எனக்குத் தோன்றவே இல்லையே" என்று காத்திருக்கவும் வேண்டாம், இல்லாததை இருப்பதாகக் காட்டவும் வேண்டாம். "இப்போதைக்கு அணைப்பு மட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அணைப்பு அணைப்போடேயே முடிந்தாலும் அது முழுமையான ஒன்றுதான். அதில் எதுவும் பாக்கி இல்லை. கருவுறுதல் பற்றிய கவலையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவசரப்படுத்துகிறவர்களுக்குக் கணவரே பதில் சொல்லட்டும்.

குற்ற உணர்வு. அது வரும்போது அதோடு சண்டை போடாதீர்கள், குளியலறைக்கும் ஓடாதீர்கள். கணவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு, "இப்போது அந்தப் பயம் வந்திருக்கிறது" என்று சத்தமாக அவரிடம் சொல்லுங்கள். கை அசையாமல் நிற்கட்டும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், சில தடவை. அலை மாதிரி எழுந்து அது தானாகவே தணியும். தணிந்த பிறகு தொடரலாமா நிறுத்தலாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். பயம் வந்தும் ஓடாமல், தண்டனையும் கிடைக்காமல் இருக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய இணைப்பு தளர்கிறது.

ஜெபத்தை விடச் சொல்ல மாட்டேன், அதன் நேரத்தை மாற்றச் சொல்வேன். இதுவரை உங்கள் ஜெபம் நடந்தபிறகு மன்னிப்புக் கேட்கிற ஜெபமாகவே இருந்திருக்கிறது. இனிமேல் முன்னாலேயே, இருவரும் சேர்ந்து, இரண்டே வரியில் நன்றி சொல்லுங்கள். இந்த உடம்பைக் கொடுத்ததற்காக, இந்த ஆளைக் கொடுத்ததற்காக. எனக்குத் தெரிந்த பல பெண்களுக்கு இந்தச் சின்ன மாற்றம் பெரிய கதவைத் திறந்திருக்கிறது. குற்ற உணர்வு எப்போதும் மனசாட்சியின் குரலாக இருக்க வேண்டியதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாமல், உடன்படிக்கைக்குள், கணவனின் அணைப்பில் மகிழ்ந்ததற்கு வருகிற குற்ற உணர்வு பழக்கத்தின் குரல்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சகோதரியின் கணவர் நிறுத்து என்றால் நிறுத்துகிறவர். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. கட்டாயப்படுத்துவது, அடிப்பது, வசனத்தைச் சொல்லி மிரட்டுவது நடக்கும் இடத்தில் நான் சொன்ன தொடுதல் பயிற்சியைச் செய்யாதீர்கள். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி கேளுங்கள். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற ஆலோசனை எந்தப் பிரசங்க மேடையிலிருந்து வந்தாலும் அது கிறிஸ்துவினுடையது இல்லை. அதேபோல், சிறு வயதில் யாராவது தவறாகத் தொட்ட அனுபவம் உள்ளவர்கள் தனியாக இந்தப் பயிற்சிக்குள் இறங்க வேண்டாம். அந்தக் காயத்துக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு சேர்ந்து மெதுவாகப் போக வேண்டும்.

ஆலோசகரைத் தேடும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், பாலியல் வலி உள்ள தம்பதிகளைப் பார்த்திருக்கிறீர்களா, நாங்கள் சொல்வது சபைத் தலைவர்கள் காதுக்குப் போகுமா, இருவரையும் சேர்த்தும் தனியாகவும் பார்ப்பீர்களா. வேதம் தெரிந்தவராகவும் இந்தத் துறை தெரிந்தவராகவும் ஒருவரே கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் துறை தெரிந்தவரிடம் சிகிச்சைக்குப் போங்கள், உங்கள் விசுவாசத்தை மதிப்பாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகிற அன்று வாய் அடைத்துப்போகும், அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி எந்த இடத்தில், எரிச்சலா குத்தலா, மாதவிடாய்ச் சமயத்திலும் வலிக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதுவரை உறவு நடக்கவில்லை என்பது, எல்லாம். பேச முடியாவிட்டால் தாளை நீட்டுங்கள். முதல் தடவையே உள்பரிசோதனை செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, பேசிவிட்டு மட்டும் வரலாம். பரிசோதனை வேண்டும் என்றால் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "நான் நிறுத்துங்கள் என்றால் உடனே நிறுத்துவீர்களா?" சரி என்று சொல்கிறவரிடம் மட்டும் தொடருங்கள். போய்வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.